தொட்டி ஈரம்

ஜூன் 3

அன்பான அக்காவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாமா லாரியோடு போய்த் திரும்பி வந்தாரா? உன் வயிற்றில் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்றும் எழுது. அவரை என்ன சொல்லி விசாரிப்பது என்று தெரியவில்லை. இப்போதைக்கு 'அவர்' என்றே வைத்துக்கொள்கிறேன்.

போன கடிதத்தில், "ஒரு போன் பண்ணினா உன் வாய் என்ன தேஞ்சா போயிடும்? எங்க சலவைக்கூட ஆபீஸ்ல போன் இருக்கு. உங்க தையல் கடையிலயும் போன் இருக்கு. நடுவுல கம்பி இருக்கு. அப்புறம் என்னடி?" என்று கேட்டிருந்தாய். கம்பியில் குறை இல்லை அக்கா. அங்கே போனை முதலில் எடுப்பது நீ 'சங்கு' என்று பெயர் வைத்திருக்கும் சூப்பர்வைசர். அவர் "யாரு?" என்று ஒரு சத்தம் போட்டால் நான் யார் என்பது எனக்கே மறந்துவிடும். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும், பெயர் கூப்பிடும்போது குரல் வராமல் ஆப்சென்ட் வாங்கினவள் நான். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது, நான் நின்றுவிட்டேன் என்பது டீச்சருக்கு எத்தனை நாள் கழித்துத் தெரிந்ததோ.

கடையில் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. மாஸ்டர் துணி வெட்டுகிறார், நான் ஓரம் அடிக்கிறேன், பட்டன் வைக்கிறேன். யாராவது அளவு கொடுக்க வந்தால் நாலு குண்டூசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொள்வேன். வாயில் ஊசி இருக்கிறவளிடம் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். மாஸ்டர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். "பாப்பா, பட்டன் வைக்கறதுக்கு எதுக்கு வாயில குண்டூசி?" என்று நேற்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வாயில்தான் ஊசி இருந்ததே.

மீந்த துணிகளில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று கிடைத்திருக்கிறது. தொட்டால் தொட்டது மாதிரியே இருக்காது, அவ்வளவு மிருது. அவருக்கு இரண்டு சட்டை தைக்கட்டுமா? டாக்டரிடம் போய்க் காட்டினாயா? இரண்டுக்கும் பதில் எழுது.

அப்பா உன்னை விசாரித்தார். "நல்லா இருக்காளான்னு கேளு" என்று சொல்லிவிட்டு பஸ் டெப்போவுக்குக் கிளம்பிவிட்டார். நம் வீட்டுப் பேச்சு முழுவதையும் நீயே எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

உன் தங்கை


ஜூன் 14

என் ஊசிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டரைப் பேரும் நலம். அங்கே நீயும் அப்பாவும் அப்படியே இருக்க வேண்டும். மாமா வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டு மறுபடி லாரி ஏறிவிட்டார். முழித்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு சினிமா பார்க்கிற நேரம்தான் இருக்கும்.

இது ஓட்டல்களுக்கெல்லாம் ஆள் வந்து குவிகிற சமயம். படுக்கை விரிப்பும் துண்டும் மலை மாதிரி வந்து விழுகின்றன. நான் அலசும் தொட்டியில் நிற்கிறேன். ரப்பர் ஏப்ரன், முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீருக்கு வழி சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன? இடுப்புக்குக் கீழே காய்ந்த துணி எப்படி இருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. சாயங்காலம் பஸ்ஸில் நாங்கள் உட்கார்ந்து எழுந்த சீட்டைப் பார்த்தாலே கண்டக்டருக்கு எந்த நிறுத்தம் என்று தெரிந்துவிடும்.

சங்கைப் பார்த்து நீ பயப்படாதே. மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தி அவருக்கு அதுவே பழகிவிட்டது. "சாப்பிட்டியாம்மா?" என்பதையே அவர் திருடனைப் பிடிக்கிற குரலில்தான் கேட்பார்.

சட்டை தைக்காதே. கோபத்தில் சொல்லவில்லை. போன தடவை நீ அனுப்பிய ஆறு சட்டைகளையும் கட்டுப் பிரிக்காமலே உனக்குத் திருப்பி அனுப்பினேன். அந்தக் கட்டைத் தபால்காரரிடம் கொடுத்த கை இது. இன்னொரு முறை கொடுக்காது. முதலில் அவர் வரட்டும்.

மற்றபடி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. முதுகு வலிக்கிறது, அது யாருக்குத்தான் வலிக்கவில்லை? டாக்டரிடம் அடுத்த வாரம் போகிறேன்.

அப்பாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சத்தமாகச் சொல்.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவும் நானும் நலம். நீ நன்றாக இருக்கிறாய் என்று அப்பாவிடம் சொன்னேன், சத்தமாக இல்லை. அவர் கடிதத்தை வாங்கித் தானே ஒரு முறை படித்துக்கொண்டார்.

நீ சொன்னபடி தைக்கவில்லை. வெள்ளைத் துணியை மடித்துவிட்டேன். பெட்டியில் அந்த ஆறு சட்டைக்கும் மேலே அது இருக்கிறது. அந்தக் குழந்தை மூன்று நாள் இருந்தான். அவனுக்கு எதனால் காய்ச்சல் வந்தது என்று நீ எனக்கு எழுதவில்லை, நானும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. டாக்டரிடம் போனாயா என்று மட்டும் கேட்கிறேன். 'அடுத்த வாரம்' என்றாயே, எந்த வாரத்துக்கு அடுத்தது?

எங்கள் கடைக்கு எதிரே பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது அல்லவா? அங்கே வேலை செய்யும் பெரிய நர்ஸ் இப்போது எங்கள் வாடிக்கை. அவருக்கு மாதம் ஒரு முறை சீருடையைப் பிரித்துப் பெரிதாக்க வேண்டும். "தையல் விட்டுப் போச்சு" என்று கொண்டுவருவார். "தையல் விடலை சிஸ்டர், தையல் தாங்கலை" என்பார் மாஸ்டர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஓரத்துக்கு ஊசி குத்தும்வரை அந்த அம்மாள் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு வார்டுக் கதை முழுவதும் சொல்வார். நான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். "இந்தப் பொண்ணு மாதிரி காது கொடுக்கறவ எங்க வார்டுல ஒருத்திகூட இல்லை" என்று என்னைப் பாராட்டினார்.

உன் முதுகு எப்படி இருக்கிறது? 'அவர்' அசைகிறாரா? ஒரு வரியாவது உடனே எழுது.

தங்கை


ஜூலை 9

என் ஊசிக்கு,

நலம்தான். பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேனாவைத் தூக்கக்கூடத் தெம்பு இல்லை. எட்டாம் மாதம் என்றால் இப்படித்தான் என்கிறார்கள்.

ஒரு நல்ல செய்தி. சங்கு என்னைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டார்! நானாகக் கேட்கவில்லை. போன வாரம் என் பக்கமாக வந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏம்மா, தொட்டிக்குள்ள பிள்ளை பெத்துக்கறதா உத்தேசமா? போ, போய் மடிக்கிற மேசையில உட்காரு!" என்றார். ஆகவே இப்போது நான் மகாராணி. நாற்காலியில் உட்கார்ந்து துண்டு மடிக்கிறேன். பூட்ஸ் இல்லை, ஏப்ரன் இல்லை.

ஆனால் பழைய ராசி விடவில்லை. காய்ந்த இடத்தில் உட்கார்ந்தும் பாவாடை நனைந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் மடிக்கிற பெரியம்மா, "தொட்டி உன் கூடவே வந்துடுச்சாடி?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டாள். துண்டுகள் சரியாகக் காயாமல் வருகின்றன, அதை மடியில் போட்டு மடிப்பதால் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோதும் இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது. வெட்கக்கேடு, உன்னிடம்தான் சொல்கிறேன். 'அவர்' என் மூத்திரப்பையின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. சிரித்தால், இருமினால், எழுந்தால் ஒழுகுகிறது. பிள்ளைத்தாச்சிகளுக்கு இதெல்லாம் சகஜமாம். வலி ஒன்றும் இல்லை.

டாக்டரிடம் மாமா வந்ததும் சேர்ந்து போகலாம் என்று இருக்கிறேன். தனியாக அந்த வராந்தாவில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

முந்தாநாளிலிருந்து 'அவர்' கொஞ்சம் அமைதியாக இருக்கிறார். உன்னை மாதிரி போலிருக்கிறது.

அக்கா


ஜூலை 14

அக்கா,

இந்தக் கடிதம் வரும்போது நீ ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தால் இந்த வரியோடு நிறுத்திவிட்டு எழுந்து போ. மாமாவுக்காகக் காத்திருக்காதே. மிச்சத்தை அங்கே படித்துக்கொள்.

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. படித்தேன். தொட்டி கூடவே வந்ததைப் படித்து நானும் சிரித்தேன் அக்கா. சிரித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். பதினொரு மணி போலப் பெரிய நர்ஸ் வந்து ஸ்டூல் மேல் ஏறினார். கீழ் ஓரத்துக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். மாஸ்டர் நூல் வாங்கப் போயிருந்தார். கேட்க நான் ஒருத்திதான். நேற்று அவர் வார்டுக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி அந்த அம்மாள் சொன்னார்.

"பனிக்குடம் உடைஞ்சா குடத்தைக் கவிழ்த்த மாதிரி கொட்டும்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. கொட்டியே ஆகணும்னு என்ன கட்டாயம்? சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஒழுகும். இவ ஒண்ணுக்குத்தான் போகுதுன்னு நினைச்சுக்கிட்டு வீட்டிலயே இருந்திருக்கா. வலி இல்லையாம், அதனால அவசரம் இல்லையாம்! அந்தத் தண்ணிப்பைதாம்மா குழந்தைக்குக் கதவு. கதவு திறந்து கிடந்தா கிருமி சும்மா இருக்குமா? வலி வர்றதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்துடுச்சு. அவளுக்கு வந்தது குறைஞ்சுடும். குழந்தைக்குத்தான்..."

அதற்குள் அவருக்கு நேரமாகிவிட்டது. நான் நாலு தையல் போட்டுக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பட்டனை எடுத்தேன். காஜாவில் நுழைக்கப் பார்த்தேன், நுழையவில்லை. உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். காய்ந்த இடத்தில் உட்கார்ந்தும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோதும். வலி ஒன்றும் இல்லை.

கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடினேன். அவர் ஆஸ்பத்திரிக் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். கூப்பிட வாய் வரவில்லை. பின்னால் போய், நான் தைத்த ஓரத்தையே பிடித்து இழுத்தேன். "என்னம்மா, எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?" என்று திரும்பினார். அப்போதுதான் வாயில் இன்னும் ஊசிகள் இருப்பது தெரிந்தது. அவற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உன்னைப் பற்றிச் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ. அவர் நடுவில் ஒரு முறைகூடப் பேசவில்லை.

"அந்தத் தண்ணியில வாசனை ஏதாவது இருக்கா? காய்ச்சல் இருக்கா? குழந்தை நல்லா அசையுதா?" என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் எனக்குப் பதில் தெரியும். அமைதியாக இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே. அதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அதுவாத்தான் இருக்கும்னு நான் சொல்லலை. பார்த்தாத்தான் தெரியும். ஆனா இன்னைக்கே பார்த்தாகணும். வலி இருந்தாலும் இல்லாட்டியும். உன் அக்காவுக்குச் சொல்லு."

"லெட்டர் போடறேன் சிஸ்டர்" என்றேன்.

"லெட்டரா? லெட்டர் ஊரெல்லாம் சுத்திட்டுப் போகும். அதுவரைக்கும் கிருமி கையைக் கட்டிக்கிட்டு நிக்குமா? போன் இல்லையா உங்க கடையில?"

போன் செய்தேன். உன் கடித உறைகளில் சலவைக்கூடத்து நம்பர் அச்சடித்திருக்கிறது. சங்குதான் எடுத்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவருக்கு அவசரம் புரிந்ததா, எனக்குத் தெரியாது. போனை எதன் மேலோ தொம்மென்று வைக்கிற சத்தம் வந்தது. அப்புறம் வெறும் மெஷின் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. யாரும் வந்து எடுக்கவில்லை. மாஸ்டர் வந்து என் கையிலிருந்து வாங்கி வைக்கும்வரை காதிலேயே வைத்திருந்தேன்.

நான் நினைத்தது தப்பாக இருந்தால் நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். தப்பாகவே இருக்கட்டும்.

தங்கை


ஜூலை 20

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? அவர் எப்படி இருக்கிறார்? அதற்கு மேல் எனக்கு எதுவும் விசாரிக்கத் தெரியவில்லை.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மறுபடி இரண்டு முறை போன் செய்தேன். ஒரு முறை யாரும் எடுக்கவில்லை. இன்னொரு முறை யாரோ ஒரு பெண் எடுத்து, "அவரு இல்லை, அப்புறம் பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள். சங்கு இல்லை என்றால், அக்கா இருக்கிறாளா என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை.

பெரிய நர்ஸ் தினமும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கையை ஆட்டி 'என்ன ஆச்சு?' என்று கேட்கிறார். நான் தலையை ஆட்டுகிறேன். நேற்று கேட்காமல் போனார்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மூன்று நாளாக அவர் டெப்போவுக்குப் போகும் முன் தபாலாபீஸ் வாசலில் போய் நிற்கிறார். தபால் பிரிக்கும் வரை நின்றுவிட்டு வேலைக்கு நேரம் கழித்துப் போகிறார். மாமா வராவிட்டால் தானே கிளம்பி வருவதாகச் சொன்னார். நீ வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா, எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாமல் எங்கே வருவது?

ஒரு வரி போதும் அக்கா. ஒரு வார்த்தை போதும்.

தங்கை


ஜூலை 21

சின்னவளுக்கு மாமா எழுதுவது.

நீயும் அப்பாவும் சுகமா? என் கையெழுத்து புரியாது, ஸ்டியரிங் பிடிக்கிற கை. பொறுத்துக்கொள். அவசரத்தில் இங்கே வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் லாரியை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனால் பூட்டு. பக்கத்து வீட்டில் சொல்லித்தான் இங்கே ஓடி வந்தேன். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஆண் குழந்தை. பதினாறாம் தேதி பிறந்தான். மாதம் நிறையவில்லை. ரொம்பச் சின்னவன். உன் அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அவனுக்கு விடவில்லை. ரத்தத்தில் கிருமி என்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மூச்சுக்குக் குழாய், கையில் ஊசி. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்கள், என் மண்டையில்தான் ஏறவில்லை. "பார்க்கலாம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் ஏறியது.

உன் அக்கா பேசுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்கிறாள்.

அப்பாவிடம் பக்குவமாகச் சொல். இந்த ஆஸ்பத்திரி முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். இங்கேயே பதில் போடு.

மாமா


ஜூலை 26

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை அப்பாதான் தபாலாபீஸிலிருந்து கொண்டுவந்தார். அவர் சுகம், நானும் சுகம். பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரும் வழியிலேயே பிரித்துப் படித்துவிட்டார். "பையனாம்" என்று என்னிடம் சொன்னார். டெப்போவில் லீவு கேட்டிருக்கிறார். கிடைத்ததும் புறப்பட்டு வருகிறார்.

பெரிய நர்ஸிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். டாக்டரம்மாவிடம் இதையெல்லாம் கேட்டு எனக்கு எழுதுங்கள்: குழாய் இல்லாமல் அவனாகக் கொஞ்ச நேரமாவது மூச்சு விடுகிறானா, பால் உள்ளே போகிறதா, கையைக் காலை அசைக்கிறானா. அக்கா தன் பாலைப் பிழிந்து கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். உங்களிடம் இப்படி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது மாமா. ஆனாலும் எழுதிவிட்டேன். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அனுமதித்தால் பெட்டிக்குள் கையை விட்டு அவனைத் தொடலாமாம். தொட்டால் அவனுக்குத் தெரியுமாம்.

அக்காவைப் பேசச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம். பேச்சு வராமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

உங்கள் மச்சினி


ஆகஸ்ட் 19

என் ஊசிக்கு,

அக்காதான். கையெழுத்து என்னுடையதுதானா என்று பார்க்காதே, நான்தான். உன் நலத்தை அப்பா சொல்லி அறிந்தேன். அவர் இங்கே ஆறு நாள் இருந்தாரே, அந்த ஆறு நாளில் அவர் பேசியதை எல்லாம் எழுதினால் இந்தத் தாளில் பாதிகூட நிறையாது. ஆனால் தினமும் கண்ணாடி முன்னால் எனக்குப் பக்கத்தில் நின்றார்.

நேற்று அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் அவன் மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது. இனி முதலிலிருந்து சொல்கிறேன்.

அன்றைக்கு நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் கதவு சுவரில் போய் மோதியது. ஆவியைக் கிழித்துக்கொண்டு சங்கு வந்தார். இருக்கிற மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தும் அவர் குரல்தான் கேட்டது. "உன் தங்கச்சி போன்ல! பனிக்குடமாம்! ஒழுகுதாம்! ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்!" யாரோ மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டார்கள். கூடம் முழுக்க என் பாவாடையையே பார்த்தது. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லை அண்ணே, துண்டு ஈரம்" என்றேன். அப்போது பக்கத்திலிருந்த பெரியம்மா குனிந்து என் பாவாடை ஓரத்தை எடுத்து மூக்கில் வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இதுல சோப்பு வாசனையே இல்லையேடி" என்றாள்.

இத்தனை வருஷம் சோப்புத் தண்ணியிலேயே ஊறினவர்கள் நாங்கள். இதை என் மூக்கு எனக்குச் சொல்லவில்லையே.

ஓட்டலுக்குத் துணி கொண்டுபோகிற வேனில், விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் என்னைப் படுக்க வைத்து சங்குதான் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் டிரைவரைத் திட்டினார். போய்ச் சேரும்போதே எனக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. சலவைக்கூடத்துச் சூடு என்று நினைத்திருந்தேன். எப்போதிலிருந்து ஒழுகுகிறது என்று டாக்டரம்மா கேட்டார்கள். இன்று காலையிலிருந்து என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. திட்டுவார்களே என்ற பயம். ஆனால் உனக்கு எழுதிய ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அதற்கும் முன்னாலிருந்து என்று உண்மையைச் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. உடனே மருந்து ஏற்றினார்கள். இனி உள்ளே இருப்பதுதான் அவனுக்கு ஆபத்து என்று வலி வரவைத்தார்கள். பிறந்ததும் அவன் அழுதான் என்று சொல்ல முடியாது. முனகினான். அதோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா..." என்று டாக்டரம்மா ஒரு நாள் ஆரம்பித்தார்கள். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

இன்னொன்று. ஒரு தடவைதான் எழுதுவேன், பதிலில் இதைப் பற்றி நீ எழுதாதே. போன தடவையும் நான் தொட்டியில்தான் நின்றேன். அப்போதும் ஈரமாகத்தான் இருந்தேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அதுவாவும் இருந்திருக்கலாம். இப்போ யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் பேச்சு நின்றது.

பெட்டிக்குள் கையை விட்டு அவனைத் தொடலாம் என்று நீ எழுதியதை மாமா எனக்குப் படித்துக் காட்டினார். தொட்டேன். என் சுண்டுவிரலை அவன் பிடிக்கவில்லை. மறுநாளும் பிடிக்கவில்லை. அதற்கடுத்த நாள் பிடித்தான். அப்போது வாய்விட்டு அழுதேன். பேச்சும் வந்துவிட்டது. மாமா, "அம்மாடி, மறுபடி ஆரம்பிச்சுட்டியா" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதார்.

சங்கு ஆஸ்பத்திரிக்கு வாரம் தவறாமல் வந்து பார்த்தார். குழந்தை முன்னால் மெதுவாகப் பேச வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, உதட்டை மட்டும் அசைத்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நீ போனில் என்ன சொன்னாய் என்று அவரிடம் கேட்டேன். "யாருன்னு கேட்டேன்மா. யாருன்னே சொல்லலை. 'துண்டு மடிக்கிறாளே என் அக்கா, அவளுக்குப் பனிக்குடம் ஒழுகுது, அவளுக்கே அது தெரியாது, நீங்க இப்பவே கூட்டிட்டுப் போங்க'ன்னு ஒரே மூச்சுல சொல்லிச்சு. 'நாளைக்கு லீவு தர்றேன்'னேன். 'நாளைக்கு இல்லை, இப்ப!'ன்னு ஒரு அதட்டல். எங்க அப்பாவுக்கு அப்புறம் என்னை யாரும் அப்படி அதட்டினதில்லை" என்றார்.

நீயாடி அது? எனக்கு எழுதின கடிதத்தில் 'சொல்ல வேண்டியதைச் சொன்னேன்' என்று மட்டும் எழுதியிருந்தாயே.

அவன் இன்னும் சின்னவன்தான். பால் குடிக்க ஆரம்பித்தால் பாதியில் களைத்துத் தூங்கிவிடுகிறான். அடுத்த மாதம் மறுபடி கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காது, கண் எல்லாம் பார்ப்பார்களாம். அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை. அதற்குப் பிறகும் இருக்குமா என்று தெரியவில்லை.

அந்த வெள்ளைத் துணி இன்னும் இருக்கிறதா? இருந்தால், தை. முன்பக்கம் முழுவதும் திறக்கிற மாதிரி வை, தலை வழியாகப் போட எனக்குப் பயமாக இருக்கிறது. இடது கையைக் கொஞ்சம் தளர்வாக விடு. ஊசி குத்தியிருந்த இடம் இன்னும் ஆறவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 25

அன்பான அக்காவுக்கும், மாமாவுக்கும், அவனுக்கும்,

இங்கே நாங்கள் நலம். ஒருவர் கூடியிருப்பதால் விசாரிக்க இப்போது எனக்கு நிறைய இருக்கிறது. பால் எவ்வளவு குடிக்கிறான்? களைத்துப்போனால் உள்ளங்காலை லேசாகச் சுரண்டிவிட வேண்டுமாம், பெரிய நர்ஸ் சொன்னார். அவன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று சொன்னதும் ரோட்டின் நடுவிலேயே நின்று என்னைக் கட்டிக்கொண்டார். பின்னால் ஒரு பஸ் நின்று ஹாரன் அடித்தது. "வேணும்னா சுத்திப் போ!" என்றார். உடம்பு சுட்டாலோ, பால் வேண்டாம் என்று திரும்பிக்கொண்டாலோ, அதிகமாகத் தூங்கினாலோ அடுத்த வாரம் என்று சொல்லாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னார். 'அடுத்த வாரம்' என்பதை நான் சேர்க்கவில்லை, அவர் சொன்னதுதான்.

நீ எழுத வேண்டாம் என்றதைப் பற்றி எழுதவில்லை.

அதட்டியது நான்தானா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது அக்கா. நாளைக்கு என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

இதோடு வரும் கட்டுக்குள் மூன்று சட்டைகள் இருக்கின்றன. இரண்டு இப்போதைக்கு. முன்பக்கம் முழுவதும் திறக்கும். பட்டன் வைக்கவில்லை, உறுத்தும், நாடாதான். தையல்களை எல்லாம் வெளிப்பக்கமாக வைத்திருக்கிறேன், பார்க்க அழகாக இருக்காது, அவன் உடம்பில் படாது. இடது கை தளர்வாக இருக்கிறது. காயம் ஆறியதும் உள்ளே ஒரு தையல் போட்டுப் பிடித்துக்கொள்.

மூன்றாவது இப்போது அவனுக்குப் பொருந்தாது. நாலு மடங்கு பெரிது. மாஸ்டரிடம் கேட்டு ஒரு வயதுப் பையனின் அளவுக்கு வெட்டினேன். "இவ்வளவு முன்னாடியே எதுக்கு பாப்பா?" என்று கேட்டார். வாயில் ஊசி இல்லை. "போட்டுக்குவான் மாஸ்டர்" என்றேன்.

அதைப் பெட்டியில் வைக்காதே, வெளியே மாட்டி வை. கீழ் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். அவன் வளர வளரப் பிரித்து விடு.

தங்கை